பாலூட்டும் தாயின் வறண்ட தோல்: எண்ணெயா, களிம்பா, கிணற்று நீரா?

பிள்ளை பெற்றவளின் தோல் வறண்டு கடித்தால் எதைப் பூசுவது? முலைக்காம்பு வெடித்துப் புண்ணானால் எதனால் ஆற்றுவது? யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விகளுக்கு ஒருபோதும் விடைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சித்த வைத்தியம் ஒரு விடை வைத்திருந்தது. மருத்துவிச்சி இன்னொன்று சொன்னாள். மிஷன் ஆசுப்பத்திரிகளோடு வேறு விடைகள் வந்தன. இன்றைய மருந்துக்கடை அலமாரியில் பத்து விடைகள் அடுக்கிக் கிடக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, தோலின்மேல் எதை வைப்பது என்ற கேள்வியை விட்டு வெளியே வரவில்லை. தோலை வருத்துவது எது என்ற கேள்வி பிந்தித்தான் வந்தது. இன்றும் அது போதிய அளவு கேட்கப்படவில்லை.

இந்த விடைகளை உரசிப் பார்க்க நெடுந்தீவு தகுந்த இடம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சுண்ணக்கல் தீவு. வீட்டு மதில்களே முருகைக்கல்லால் அடுக்கப்பட்டவை. ஆறு கிடையாது. மாரி மழை கல்லினூடே இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கோடையில் அள்ள அள்ள அந்தப் படை மெலிந்து கிணறு சவராகிறது. சாராப்பிட்டிக் கிணறுகள் நன்னீருக்குப் பேர்போனவை. மற்றப் பகுதிகளில் குடிக்க ஒரு தண்ணீர், குளிக்கவும் தோய்க்கவும் ஒரு தண்ணீர் என்று பிரித்துத்தான் வாழ்க்கை. தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. பாலூட்டும் தாயின் தோல் இங்கே எதிர்கொள்வது, குளிர்நாட்டு மருத்துவ நூல்கள் விவரிக்கும் பனிக்கால வறட்சி அல்ல.

ஒரே பேச்சுக்குள் மூன்று உபாதைகள்

‘தோல் வறட்சி’ என்று சொல்லும்போது மூன்று வேறு உபாதைகள் கலந்துவிடுகின்றன. முதலாவது, உடம்பு முழுவதும் பரவும் வறட்சியும் கடியும். பிரசவத்தின் பின் ஈஸ்திரோஜன் சடுதியாகக் குறைகிறது. பாலூட்டும் மாதங்களில் அது தாழ்ந்தே நிற்கிறது. தோலின் ஈரத்தையும் எண்ணெய்ப்பற்றையும் காப்பதில் அந்த ஓமோனுக்குப் பங்குண்டு. எனவே வறட்சிக்கு உடலியல் காரணம் இருக்கிறது என்று கொள்வது நியாயம். ஆனால் பாலூட்டலே தோலை வறளச் செய்கிறது என்பதற்கான நேரடிச் சான்று மெலிந்தது. ‘பாலில் தண்ணீர் போய்விடுகிறது, அதனால் தோல் காய்கிறது’ என்ற விளக்கம் எளிதானது. முழுமையாகத் தாய்ப்பாலில் வளரும் குழந்தை நாளுக்கு ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் பால் குடிக்கிறது என்பதும் உண்மை. தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். ஆயினும் தாகத்துக்கு மேலே குடிக்கும் நீர் தோலின் மேற்படையை நனைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழைய பத்தியத்துக்கும் ஆதாரமில்லை. வெக்கையும் சவர்நீரும் உள்ள தீவில் அது கெடுதலாகவும் முடியலாம்.

இரண்டாவது, கைகளில் வரும் தோலழற்சி. குழந்தையின் துணியை நாளுக்குப் பலமுறை தோய்க்கும் கை, பாத்திரம் கழுவும் கை, ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவும் கை. இதைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. பாலூட்டல் நூல்களும் கைகளைக் கடந்து போய்விடுகின்றன. மூன்றாவது முலைக்காம்பின் வெடிப்பு. எழுத்தில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. மெல்பேர்ணில் 360 தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. அதில் 79 வீதமானோர் ஆசுப்பத்திரியை விட்டுப் போகுமுன்பே காம்பு வலியை உணர்ந்திருந்தார்கள். எட்டு வாரம் கழிந்தும் 20 வீதமானோருக்கு வலி இருந்தது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானவர்கள் தாய்ப்பால் மட்டுமே பெறுகிறார்கள். அந்தப் பெருமையை உடம்பால் சுமப்பவர்களின் உபாதை இது என்பதால் இதைச் சில்லறை விடயமாகக் கருத முடியாது.

நூற்படங்கள் காட்டும் சிவப்பை நம் தோலில் தேடினால் பல வேளை ஏமாற்றமே மிஞ்சும். கறுத்த தோலில் அழற்சி சாம்பலாகவோ, கருமையாகவோ, செதிலாகவோ தெரியும். சிவக்கவில்லை என்பதற்காக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

எண்ணெயும் இலையும்

யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்களின் மரபில் கர்ப்பிணியின் நோய்களுக்கும் குழந்தை நோய்களுக்கும் தனி இடம் உண்டு. அந்த மரபும் வீட்டுக் கைவைத்தியமும் சேர்ந்து உருவாக்கியதே பிள்ளைப்பேற்றின் பின்னான ஒழுங்கு: நல்லெண்ணெய் பூசுதல், நொச்சியும் வேப்பிலையும் அவித்த வெந்நீர் வார்த்தல், மஞ்சள், சரக்குக்கறி, 31ஆம் நாள் துடக்குக் கழிவு. பனையும் வேம்பும் இலுப்பையும் நிற்கும் மண்ணில் வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் இந்த வைத்தியத்தில் இடம்பெற்றன.

இதன் பலம் எண்ணெயில் இருக்கிறது. வெந்நீர் தோலின் கொழுப்பைக் கரைத்துவிடும். அதற்கு முன்பே பூசிய எண்ணெய் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்திருக்கும். இன்று பல வீடுகளில் எண்ணெய் ‘பிசுக்கு’ என்று கைவிடப்பட்டு, வெந்நீரும் சவர்க்காரமும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. மரபில் ஒன்றையொன்று தாங்கி நின்ற இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது கெடுதலாகலாம்.

எண்ணெய்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பிலிப்பைன்சில் தோலழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் செய்த பரிசோதனை 2014இல் வெளியானது. எட்டு வாரங்களில் தேங்காயெண்ணெய், கனிய எண்ணெயைவிட நல்ல பலன் தந்தது. மாறாக, ஒலிவ் எண்ணெய் வளர்ந்தோரின் தோல் அரணைப் பலவீனப்படுத்துகிறது என்று ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். விலையுயர்ந்த வெளிநாட்டு எண்ணெய் நல்லது, நம்முடையது மட்டம் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. நல்லெண்ணெய்க்கு இத்தகைய சோதனைகள் ஒப்பளவில் குறைவு. தலைமுறைகளின் பழக்கம் அதன் பக்கம் நிற்கிறது. அது மதிக்கத்தக்க சாட்சி. ஆனால் சோதனைக்கு ஈடாகாது.

இந்த மரபில் உறுதியாக மறுக்க வேண்டிய ஒன்றும் உண்டு. பால் மறக்கச் செய்ய முலைக்காம்பில் வேப்பெண்ணெய் பூசும் வழக்கம் தமிழரிடையே இருந்தது. அதே எண்ணெயை வெடிப்புக்கும் சிலர் பூசுவார்கள். குழந்தைகளின் வயிற்றுக்குள் போன வேப்பெண்ணெய் மூளையையும் ஈரலையும் தாக்கியதை மலேசிய மருத்துவர்கள் 1981இல் ‘லான்செற்’ இதழில் பதிவுசெய்தார்கள். குழந்தையின் வாய் படும் இடத்தில் வேப்பெண்ணெய் கூடவே கூடாது. மஞ்சள் விழுதும் எல்லாத் தோலுக்கும் சாதுவானதல்ல. காயவிட்டால் இழுக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

பத்தியத்தின் இன்னொரு முகம் உணவு. நண்டு, இறால், கணவாய், கத்தரிக்காய் ஆகியவை கிரந்தி, கரப்பான் என்ற தோல்நோய்களைக் கிளப்பும் என்று தாயிடமிருந்து விலக்கப்படுகின்றன. தாய் உணவைக் கட்டுப்படுத்துவதால் குழந்தைக்குத் தோலழற்சி வராமல் தடுக்கலாம் என்ற கருத்தை 2012இல் வெளிவந்த கொக்ரேன் தொகுப்பாய்வு ஆதரிக்கவில்லை. தனக்கு ஒவ்வாதது எது என்று அறிந்த பெண் அதை விலக்கலாம். கடலுணவே முதன்மைப் புரதமாக உள்ள தீவில் எல்லோருக்கும் பொதுவாக அதை மறுப்பது தாயின் ஊட்டத்தில் கைவைப்பதாகும்.

கழுவிக் கடினமாக்கிய காலம்

மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். மகப்பேற்று நூலொன்றை 1857இல் தமிழாக்கினார். பெண்களுக்கான இணுவில் மக்லியோட் ஆசுப்பத்திரி 1898இல் எழுந்தது. பிள்ளைப்பேற்று மரணங்களைக் குறைப்பதில் தூய்மை பற்றிய புதிய அறிவு செய்த நன்மை அளப்பரியது.

அதே தூய்மைக் கொள்கை முலைக்காம்பிலும் கைவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கத்தைய நூல்கள் பல, ஒவ்வொரு பாலூட்டலுக்கும் முன்னும் பின்னும் காம்பைக் கழுவச் சொல்லின. ஸ்பிரிற்றால் துடைத்தும் துணியால் உரசியும் கர்ப்பகாலத்திலேயே அதைக் கடினமாக்கச் சொல்லின. முதல் நாட்களில் பாலூட்டும் நேரத்தை நிமிடக் கணக்கில் கட்டுப்படுத்தின. இவற்றில் எதுவும் புண்ணைத் தடுத்ததாகப் பின்னர் நிறுவப்படவில்லை. அந்தப் பழக்கத்தின் எச்சம், கிருமிநாசினிச் சவர்க்காரத்தால் மார்பைத் தேய்த்துக் கழுவும் வழக்கமாக இன்றும் தொடர்கிறது.

காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தில் சிறு முகிழ்களாகத் தெரியும் சுரப்பிகள், அயர்லாந்து மருத்துவர் மொன்ற்கொமரியின் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவை தாமே எண்ணெய் சுரந்து அந்த இடத்தைக் காக்கின்றன. அவற்றின் மணம் பிள்ளைக்கு வழிகாட்டுகிறது. பிறந்த 30 குழந்தைகளிடம் செய்த பரிசோதனை 1994இல் வெளியானது. ஒரு மார்பு கழுவப்பட்டும் மற்றது கழுவப்படாமலும் இருந்தபோது 22 குழந்தைகள் கழுவாத மார்பையே நாடின. சவர்க்காரம் அந்தப் பாதுகாப்பையும் அந்த மணத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. வெறும் தண்ணீர் போதும் என்ற இன்றைய அறிவுரையின் அடிப்படை இதுதான்.

பிள்ளை வாய் வைக்கும் விதம்

கேள்வியையே மாற்றியவர் பிரித்தானிய மருத்துவர் மேவிஸ் குந்தர். 1945இல் ‘லான்செற்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, காம்புப் புண்ணுக்குக் காரணம் தோலின் மென்மையல்ல, பிள்ளை மார்பைப் பற்றும் விதமே என்று வாதிட்டது. பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் அது அண்ணத்துக்கும் நாவுக்கும் இடையில் நசிகிறது. கருவட்டத்தோடு சேர்த்து வாய் நிறையப் பற்றினால் காம்பு உள்ளே, நெரிபடாத இடத்தில் போய் நிற்கிறது. நாற்பது ஆண்டு கழித்து மைக்கேல் வூல்ரிட்ஜ் இதை இன்னும் விரிவாக நிறுவினார். 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் வெற்றிகரமான பாலூட்டலுக்கென வெளியிட்ட பத்துப் படிகளில், பாலூட்டும் முறையைத் தாய்க்குக் காட்டிக்கொடுப்பது ஒரு படியாக இடம்பெற்றது.

இந்த நிலைப்பாடே எல்லாவற்றிலும் வலுவானது என்பது இக்கட்டுரையின் கணிப்பு. அதற்கும் குறைகள் உண்டு. கையின் தோலழற்சிக்கும் உடம்பின் கடிக்கும் இது எதுவும் சொல்வதில்லை. ‘பிடிக்கத் தெரியவில்லை’ என்று பழியைத் தாயின்மேல் போடும் பேச்சாகவும் இது திரிந்துவிடுகிறது. பிள்ளையின் நாவடிச் சவ்வு இறுகியிருப்பது போன்ற காரணங்களும் இருக்கலாம். முறை சரியாக இருந்தும் வலிக்கும் பெண்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் தூரம். இந்த விடைக்கு ஒரு சோடிக் கண்ணும் பொறுமையான கையும் தேவை. குப்பியில் அடைத்து விற்க முடியாது. இலங்கையில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆசுப்பத்திரியில்தான். புண் கடுமையாவதோ வீட்டுக்குப் போன பின்னான நாட்களில். அப்போது உதவி என்பது வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரே. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த சேவை இது. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில் தீவுத் தாய்க்கு அவரை விட்டால் வேறு துணை எது?

களிம்புகளின் கணக்கு

உலர்ந்த புண்ணைவிட ஈரம் காக்கப்பட்ட புண் விரைவாக மூடுகிறது என்று ஜோர்ஜ் வின்ரர் 1962இல் பன்றித் தோலில் காட்டினார். காம்பை வெயிலிலும் விளக்கிலும் காயவிடும் அறிவுரை அதன்பின் தளர்ந்தது. ஆட்டு உரோமக் கொழுப்பான லனோலின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரொறொன்ரோ மருத்துவர் ஜாக் நியூமன், கிருமிகொல்லி, ஸ்ரீறொயிட், பூஞ்சைக்கொல்லி மூன்றையும் கலந்த களிம்பைப் பரப்பினார். 2012இல் 151 பெண்களிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது வலியில் வேறுபாடு தெரியவில்லை.

2014ஆம் ஆண்டின் கொக்ரேன் தொகுப்பாய்வு நான்கு பரிசோதனைகளை, மொத்தம் 656 பெண்களை, எடுத்துக்கொண்டது. ஒன்றும் பூசாமல் விடுவதோ, பிழிந்த தாய்ப்பாலைத் தடவுவதோ, குறுகிய காலத்தில் லனோலினுக்குச் சமமாக அல்லது அதைவிட நன்றாக இருக்கலாம் என்றது. எதைச் செய்தாலும் பெரும்பாலோருக்கு ஏழு முதல் பத்து நாளில் வலி குறைந்துவிடுகிறது என்றும் கண்டது. இந்தக் கடைசி முடிவுதான் பல களிம்புகளின் புகழுக்குக் காரணமாக இருக்கக்கூடும்: தானாக ஆறும் நாளில் கையில் இருந்த குப்பி பேர் வாங்கிவிடுகிறது. பரிசோதனைகள் சிறியவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். லனோலின் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2023இல் அதையே அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது.

காம்பில் உண்மையான தோலழற்சி, அதாவது செதிலும் நீர்க்கசிவும் விடாத கடியும், இருந்தால் ஸ்ரீறொயிட் களிம்பு தேவைப்படலாம். மருத்துவர் குறித்த மென்மையான வகையை, பால் கொடுத்த பின் மெல்லப் பூசி, அடுத்த முறைக்கு முன் துடைத்துவிட்டால் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. வெள்ளையாக்கும் களிம்புகளோ வேறு ஆபத்து. அவற்றுள் சிலவற்றில் வலிய ஸ்ரீறொயிட்டும் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. பாலூட்டும் பெண் அவற்றைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கக் காம்பில் மட்டும் வந்து, வாரக்கணக்கில் மருந்துக்கு அடங்காத ‘தோலழற்சி’ பஜெற் நோய் என்ற புற்றுநோயின் முகமாகவும் இருக்கக்கூடும். அது அரிது. ஆனாலும் கடல் கடந்து போய்க் காட்டியே ஆக வேண்டும்.

பூஞ்சை வழக்கு

காம்பில் எரியும் வலிக்கு வெண்பூஞ்சையே காரணம் என்பது பல ஆண்டுகள் கேள்வியின்றி ஏற்கப்பட்டிருந்தது. முன்பு சொன்ன மெல்பேர்ண் ஆய்விலிருந்து 2013இலேயே வெளிவந்த முடிவுகள் அதற்கு ஆதரவாக இருந்தன. பாலூட்டல் மருத்துவக் கழகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, மார்பகப் பூஞ்சை என்ற நோய்க்கே அறிவியல் ஆதாரம் போதாது என்றது. வழக்கு தீரவில்லை. பழைய ஊதா மருந்தான ஜென்சியன் வயலெற் குறித்து, புற்றுநோய் அபாயத்தைக் காட்டி 2019இல் கனடா எச்சரித்ததால் அது பின்தள்ளப்பட்டுவிட்டது.

தண்ணீர் என்ற மறந்த காரணி

சுண்ணக்கல் நீரில் கல்சியமும் மக்னீசியமும் மிகுதி. சவர்க்காரத்தின் கொழுப்பமிலங்கள் இவற்றோடு சேர்ந்து கரையாத படிவாகின்றன. நுரைக்காததால் இன்னும் தேய்க்கிறோம். படிவு இன்னும் கூடுகிறது. ஆரோக்கியமான தோல் சற்று அமிலத்தன்மை உடையது, சவர்க்காரம் காரமானது. இந்தப் படிவு தோலிலும் குழந்தையின் துணியிலும் தங்கிக் கடியை வளர்க்கிறது என்பது தண்ணீரைக் குற்றஞ்சாட்டுவோரின் வாதம்.

நொட்டிங்காம் பகுதிப் பள்ளிக் குழந்தைகளிடையே கடின நீருள்ள இடங்களில் தோலழற்சி கூடுதலாக இருந்ததை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. நீர் கடினமாக ஆகக் கழுவுபொருள் தோலில் கூடுதலாகத் தங்குவதை 2018இல் இன்னோர் ஆய்வு அளந்தது. ஆனால் 2011இல் முடிவு வெளியான பிரித்தானியப் பரிசோதனையில், 336 குழந்தைகளில் பாதிப்பேரின் வீட்டு நீரைப் பன்னிரண்டு வாரம் மென்மையாக்கியும் தோலழற்சி குறையவில்லை. கடின நீர் நோயைத் தொடக்க உதவலாம், வந்த நோயை மென்னீர் ஆற்றாது என்று இரண்டையும் இணைத்துப் படிப்பவர்கள் உண்டு. அது ஏற்கத்தக்க ஊகம், நிறுவப்பட்ட முடிவல்ல.

நெடுந்தீவுக்கு இந்த ஆய்வுகளை நேராகப் பொருத்துவதில் இரு தடைகள் உள்ளன. அந்த ஆய்வுகளுள் பெரும்பாலானவை குழந்தைகளைப் பற்றியவை. எதுவும் பாலூட்டும் தாய்மாரைப் பற்றியதல்ல. அவை நடந்த இடங்களில் நீர் கடினமானது மட்டுமே. இங்கே அதோடு கடலுப்பும் சேர்கிறது. உப்பு எப்போதும் தோலின் பகையும் அல்ல. மக்னீசியம் மிகுந்த சாக்கடல் உப்புக் கரைசலில் கையை நனைத்தபோது வறண்ட தோல் தேறியதாக 2005இல் ஒரு ஜேர்மன் ஆய்வு கண்டது. எனவே குற்றவாளி சவர்நீரா, அதில் கரைய மறுக்கும் சவர்க்காரமா என்ற கேள்வி எழுகிறது. இருக்கும் சான்று சவர்க்காரத்தின் பக்கமே கூடுதலாகக் கை காட்டுகிறது. அப்படியானால் தாய்மாருக்கு வழி உண்டு. கிணற்றை மாற்ற முடியாதவரும் சவர்க்காரத்தைக் குறைக்கலாம். நம் ஊரில் பிள்ளையைக் குளிப்பாட்டும் பயற்றம் மா கல்சியத்தோடு சேர்ந்து சவர்க்காரம்போலப் படிவு கட்டுவதில்லை. கடைசி வாளியை மட்டும் மழைநீராலோ நன்னீராலோ வார்ப்பதும், துணியைக் கடைசி முறை நன்னீரில் அலசுவதும் அதிகச் செலவில்லாதவை. தண்ணீர் சுமப்பது யார் என்பதுதான் கேட்க வேண்டியது. பிள்ளை பெற்று ஒரு மாதமான பெண்ணே குடம் சுமக்க வேண்டியிருந்தால் இந்த அறிவுரைக்குப் பொருளில்லை.

இன்று எவ்வளவு சொல்லலாம்

உடம்பின் வறட்சிக்கு, இளஞ்சூட்டு நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெயோ வசலினோ பூசுவது பாதுகாப்பானது, மலிவானது. கைக்கும் அதுவே, சற்று அடிக்கடி. காம்புக்கு முதலில் பிள்ளை பற்றும் விதத்தைப் பார்க்க வேண்டும், சவர்க்காரம் வேண்டாம், தாய்ப்பாலைத் தடவி விடலாம். இவ்வளவும் ஓரளவு துணிவோடு சொல்லத்தக்கவை. எரிவலியில் பூஞ்சையின் பங்கு, நல்லெண்ணெயின் தகுதி, தாழ்ந்த ஈஸ்திரோஜன் தோலை எவ்வளவு வருத்துகிறது என்பது ஆகியவை திறந்தே கிடக்கின்றன.

தண்ணீர் பற்றிய கேள்விக்கு விடை தேட நெடுந்தீவைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம். ஒரே காற்று, ஒரே உணவு, ஒரே ஆசுப்பத்திரி. ஆனால் ஒருத்தி நன்னீரில் குளிக்கிறாள், இன்னொருத்தி சவர்நீரில். பிரசவத்தின் பின் ஆறு வாரத்துக்குள் குடும்பநல உத்தியோகத்தர் பலமுறை வீட்டுக்குப் போகிறார். தாயின் கையையும் மார்பின் தோலையும் பார்த்து, எந்தக் கிணற்று நீர், என்ன சவர்க்காரம், என்ன எண்ணெய் என்று கேட்டு எழுதிவைத்தால், பிரித்தானியக் குழந்தைகளிடமிருந்து ஊகிக்கும் நிலையை ஓரிரு மாரி கோடைக்குள் கடந்துவிடலாம்.